மறதிநோயைத் தடுக்க எந்த மாத்திரை? நாப்ராக்சென், செலிகாக்சிப், ஆஸ்பிரின் ஓர் ஒப்பீடு

அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் மறதிநோயைத் தடுக்கலாம் என்றொரு எதிர்பார்ப்பு உண்டு. முடக்குவாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் அம்மருந்துகளை உட்கொண்டவர்களிடம், மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் நோய் குறைவாகக் காணப்பட்டதிலிருந்து பிறந்தது அது. நோயால் இறந்தவரின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், அமிலாய்டு என்னும் புரதப் படிவுகளைச் சுற்றி மைக்ரோக்ளியா என்னும் காவல் செல்கள் மொய்த்துக் கிடக்கும். படிவை அகற்ற வந்த அவை ஓயாமல் கிளர்ந்திருந்தால், அதாவது அழற்சி நீடித்தால், அருகிலுள்ள நரம்புச் செல்களையும் சேதப்படுத்தும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு, 6,989 பேரைச் சராசரியாக 6.8 ஆண்டுகள் கவனித்து, இம்மருந்துகளை இரண்டு ஆண்டுகளாவது உட்கொண்டவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு, உட்கொள்ளாதவர்களுக்கு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காக இருந்ததாக 2001இல் அறிவித்தது.

அமெரிக்காவில் நடந்த 'அடாப்ட்' சோதனை நாப்ராக்சென், செலிகாக்சிப் ஆகிய இரு அழற்சி எதிர்ப்பு மருந்துகளையும் ஒன்றாகச் சோதித்துப் பார்த்தது. முன்னது, வலியையும் அழற்சியையும் தூண்டும் பொருள்களை உண்டாக்குவதில் பங்குள்ள காக்ஸ்-1, காக்ஸ்-2 ஆகிய இரு நொதிகளையும் தடுக்கும். பின்னது பெரும்பாலும் காக்ஸ்-2ஐ மட்டும் தடுப்பதால் இரைப்பைக்குச் சற்று இதமானது. பங்கேற்ற 2,500க்கும் மேற்பட்டோர் அனைவரும் 70 வயதைக் கடந்தவர்கள். பெற்றோரோ உடன்பிறந்தோரோ தம்மையே மறந்துபோனதைக் கண்ட குடும்பத்தினர். அவர்களின் அச்சம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. இதயப் பாதிப்பு குறித்த கவலையால் 2004 டிசம்பரில் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. இரண்டில் எதுவும் நினைவாற்றலைக் காத்ததாகத் தெரியவில்லை. பின்னர் மாண்ட்ரியலில் 195 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாப்ராக்செனும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்த சோதனையிலும் பக்கவிளைவுகளே மிஞ்சின.

ஆஸ்பிரினை இவற்றோடு ஒரே தட்டில் வைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை; 100 மில்லிகிராம் அளவில் அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தடுக்குமே தவிர அழற்சியைப் பெரிதாகத் தணிப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியோரிடம் நடந்த 'ஆஸ்ப்ரீ' சோதனையில் மறதிநோய் குறையவில்லை, கடும் ரத்தக்கசிவு கூடியது.

மருந்து உண்பவர்களைக் கவனித்து மட்டும் பார்த்த ராட்டர்டாம் போன்ற ஆய்வுக்கும், மருந்தைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளுக்கும் ஏன் இந்த முரண்? நோய் மூளையில் வேர்விடுவதற்கு முன்பே மருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது ஒரு விளக்கம். நினைவு மங்கத் தொடங்கியவர் வலியைச் சொல்வதும் மாத்திரை கேட்பதும் குறைந்துவிடுகிறது, அதனால் மாத்திரை உண்பவர்கள் நலமாகத் தோன்றுகிறார்கள் என்பது மற்றொன்று. எனக்கு இதுவே வலுவாகத் தெரிகிறது.

ஆகவே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் மூன்றையும் விட்டு ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டையே எடுப்பேன். மேல் அளவை 120க்குக் கீழ் வைக்க முயன்ற 'ஸ்பிரிண்ட்' சோதனையில், 140ஐ இலக்காகக் கொண்டவர்களைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. முழு மறதிநோயில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகளோ உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை உயர்த்துவதோடு, அதைக் குறைக்கத் தரப்படும் பல மருந்துகளின் வேகத்தையும் மட்டுப்படுத்துகின்றன.