முதல் பாம்பு: கார்ன் ஸ்நேக்கா, ராயல் பைத்தானா?

இங்கிலாந்தில் முதல் பாம்பு வாங்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கடையில் காட்டுவார்கள். இரண்டுக்கும் விஷமில்லை, லைசென்ஸ் வேண்டியதில்லை, ஐந்தடிக்கு மேல் வளர்வது அபூர்வம். (இந்தியாவில் கதையே வேறு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது.) நாங்கள் எடுத்தது கார்ன் ஸ்நேக். இன்னொரு முறை வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன்.

கையில் வைத்துக் கொஞ்ச ராயல் பைத்தான்தான் சுகம். பால் (பந்து) பைத்தான் என்பதும் இதுதான். சுருண்டு அமைதியாகக் கிடக்கும். கார்ன் ஸ்நேக் ஓயாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும், குட்டியாக இருக்கையில் பயந்து ஓடும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது சாப்பாடு. ராயல் பைத்தான் திடீரென்று தின்பதை நிறுத்திவிடும், சில சமயம் மாதக்கணக்கில். நல்ல எடையுள்ள பெரிய பாம்பு அதைத் தாங்கிவிடும். வளர்ப்பவர்தான் தாங்க மாட்டார். சூடு குறைந்துவிட்டதா, ஒளிய இடம் போதவில்லையா, நோயா, இல்லை குளிர்காலத்து வழக்கம்தானா என்று புதியவருக்குப் பிரித்தறிவது கஷ்டம். நண்பர் வீட்டுப் பைத்தானை வைத்துத்தான் சொல்கிறேன், நானே வளர்த்ததில்லை. அவர் ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகவைத்த எலிகளை, அது தொடாததால் குப்பையில் போட்டுக்கொண்டு, சமையலறைத் தராசில் பாம்பை நிறுத்துக்கொண்டிருந்தார். எடை இறங்கிக்கொண்டே போனாலோ வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

எங்களுடையதற்கு இந்தப் பாடில்லை. உறைந்த சுண்டெலியை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, மறுநாள் பையோடு வெந்நீரில் போடுவேன். மைக்ரோவேவ் கூடவே கூடாது. சுண்டெலியின் வயிற்றை விரலால் அழுத்தி, உள்ளே இன்னும் உறைந்த கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டு நீண்ட இடுக்கியில் நீட்டினால், இரண்டு முறை நாக்கை நீட்டிவிட்டுப் பாய்ந்து கவ்வி, உடலைச் சுற்றி இறுக்கிவிடும். அப்புறம் நிதானமாகத் தலைப்பக்கம் தேடி விழுங்கும். அதன்பின் இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் கக்கிவிடலாம். வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுண்டெலி போதும். சட்டை உரிக்குமுன் கண் நீலம் பூக்கும்போது இதுவும் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளும், அது சகஜம்.

அடுத்தது ஈரப்பதம். பைத்தானுக்கு 60 சதவீதமாவது இருப்பது நல்லது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துவிடுவதால், கவனிக்காவிட்டால் சட்டை துண்டு துண்டாக உரிந்து, கண்மேல் தோல் ஒட்டிக்கொள்ளும். கார்ன் ஸ்நேக்குக்கு 40–50 போதும். வெப்பமும் அப்படித்தான்: இதன் கூண்டில் சூடான பக்கம் 28–30 டிகிரி, பைத்தானுக்கு 31–33. எதுவானாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) போடாதீர்கள், வயிறு வெந்துவிடும்.

கார்ன் ஸ்நேக்கிடம் ஒரு தொல்லை உண்டு. விரல் நுழையாத இடுக்கிலும் நழுவி ஓடிவிடும், கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு கட்டாயம். ஆயுள் பதினைந்து இருபது வருடம். பைத்தான் முப்பதைத் தொடலாம், பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பைத்தான்தான் வேண்டும் என்றால் சரி, அது என்றைக்கெல்லாம் தின்றது, சுண்டெலியா பெரிய எலியா என்ற குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பைடர் என்ற நிறவகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறத்தோடு தலை ஆட்டும் நரம்புக் கோளாறும் பிறவியிலேயே வருகிறது.