தக்காளி டைமரா, காலெண்டர் ப்ளாக்கா, வாட்ச்மேன் ட்யூட்டியா?

எங்க டீம்ல 7 பேரு, கோடிங்கும் நாங்கதான், கஸ்டமர் அனுப்புற புகார், அதாவது டிக்கெட்டும் நாங்கதான். ஒரு ரிலீஸ் அன்னைக்கு தம்பி ஒருத்தன் டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கும்போதே சாட்ல "ப்ரோ ஒரு நிமிஷம்"னு மெசேஜ் வந்துச்சு, பதில் சொல்லிட்டு திரும்பி வந்தவன் டெஸ்ட் சர்வர்னு நினைச்சு கஸ்டமர் யூஸ் பண்ற லைவ் சர்வர்ல எண்டர் தட்டிட்டான், ராத்திரி 2 மணி வரைக்கும் பேக்கப் ஏத்திட்டு உக்காந்திருந்தோம். பாதி வேலைய விட்டுட்டு அடுத்ததுக்கு போனா மனசுல கொஞ்சம் பழசுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சோஃபி லெராய்ங்கிற ஆராய்ச்சியாளர் 2009லயே எழுதியிருக்காங்க, எங்களுக்கு அது லைவ் சர்வர்ல புரிஞ்சது.

ஒரே நேரத்துல பல வேலை பாக்கலாம்னு மேனேஜர் மட்டும் விடல. தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் 1907ல சென்னை விக்டோரியா ஹால்ல சதாவதானம் பண்ணலையா, ஒரே நேரத்துல நூறு விஷயம்னாரு. சார், அது மேடை வித்தை, மறுநாள் காலைல யாரும் அவர டிக்கெட் எடுக்க சொல்லலயே!

சரி, குறுக்கீடு இல்லாம வேலை பாக்க மூணு வழி பாத்தோம், முதல்ல பொமொடோரோ. இத்தாலிக்காரர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ படிக்கிற காலத்துல தக்காளி மாதிரி இருக்கிற கிச்சன் டைமர வெச்சு ஆரம்பிச்சது, 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ரெஸ்ட், நாலு ரவுண்டுக்கு ஒரு பெரிய ப்ரேக். மெயில் பதில், டாக்குமெண்ட், அப்ரைசல் ஃபார்ம் மாதிரி இழுத்தடிக்கிற வேலைக்கு இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா கோட்ல இருக்கிற தப்ப, அதான் பக், தேடும்போது கோட் முழுசா மண்டைக்குள்ள ஏறவே 20 நிமிஷம் ஆகுது, ஏறினதும் டைமர் கத்துது. இன்னொன்னு, என் ப்ரேக்ல நான் போய் அடுத்தவன் தோளத் தட்டுவேன், அவனுக்கு அப்போ 12வது நிமிஷம் ஓடிட்டு இருக்கும்.

காலெண்டர் ப்ளாக் அடுத்தது, அதாவது காலெண்டர்ல நேரத்த முன்னாடியே அடைச்சு வெக்கிறது, காலைல 10லேர்ந்து 12 மீட்டிங் கிடையாது. அமெரிக்கா க்ளையண்ட் அப்போ தூங்குறாங்க, அதனால ஓடிச்சு, அவ்ளோதான். மதியத்துக்கு மாத்தினா லண்டன் ஆபீஸ் தொறந்துடும், அவங்க 9 மணி நமக்கு 1:30, குளிர்காலத்துல 2:30. ஆழமான வேலைக்கு பொமொடோரோவ விட இது எவ்வளவோ மேல். ஆனா லீடு ப்ளாக் போட்டா மதிக்கிறாங்க, ஜூனியர் போட்டா "அவசரம்பா"னு மேலயே இன்வைட் விழுது, அந்தப் புள்ள எப்படி முடியாதுன்னு சொல்லும்?

மூணாவது நாங்களா பண்ணினது. ஒரு நாளைக்கு ஒருத்தர் வாட்ச்மேன். டிக்கெட், ஃபோன், "ஒரு நிமிஷம்" எல்லாம் அவர் தலையில, மத்த 6 பேரும் சாட்ட மூடிடலாம், லைவ் சர்வர் விழுந்தா மட்டும் எழுப்பணும். வாட்ச்மேனுக்கு அன்னைக்கு கோடிங் டார்கெட் கிடையாது, இத எழுதியே வாங்கிட்டோம், இல்லன்னா தினமும் நடக்கிற ஸ்டாண்டப் மீட்டிங்ல "நேத்து என்ன பண்ண"ன்னு கேட்டு கொல்லுவாங்க. முதல் ரெண்டு வாரம் கேவலமா போச்சு, பில்லிங் பக்கம் யாருக்கும் தெரியாது, எல்லா கேள்வியும் சுத்தி சுத்தி ஒரே அக்காகிட்டதான் போச்சு, அவங்க கடுப்பாகி ஒரு நாள் போர்டு முழுக்க படம் போட்டு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. அதுலேர்ந்து அவங்க லீவு போட்டாலும் பில்லிங் நிக்கிறதில்ல. ஈசிஆர் ரிசார்ட்ல கயிறு இழுத்த டீம் பில்டிங்ல பிரியாணி நல்லா இருந்துச்சு, மத்தபடி இந்த போர்டுக்கு பக்கத்துல வராது.

என் ஓட்டு வாட்ச்மேனுக்கு, ஆனா டீம்ல 4 பேராவது இருக்கணும், மூணு பேர்னா பேசாம காலைல ப்ளாக் போட்டுக்கோங்க. தனியா வேலை பாக்கிற ஃப்ரீலான்ஸரா, தக்காளி போதும்.

வெள்ளிக்கிழமை ட்யூட்டிக்கு மட்டும் இன்னும் சண்டைதான், அன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்குனே டிக்கெட் வரும், அதனால சீட்டு குலுக்கி எடுக்குறோம். போன மாசம் மூணு தடவ எனக்கேதான் விழுந்துச்சு, குலுக்கினது அந்த பில்லிங் அக்கா.