டி500-ஐ விட்டு இசட்8-க்கு வந்தேன்: பறவைப் படங்களில் என்ன மாறியது?

ஐந்து வருடம் நிக்கான் டி500 கேமராவில்தான் பறவைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் 200-500 மில்லிமீட்டர் எஃப்5.6. எட்டு மாதத்துக்கு முன் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை மட்டும், நிக்கானின் இசட்8-க்கு மாற்றினேன், லென்ஸைப் புதிய பாடியில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு அப்படியே வைத்துக்கொண்டேன். லென்ஸ் அதே, எடுக்கிற ஆளும் அதே என்பதால், பாடி மாற்றினால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

முதலில் ரீச், அதாவது தூரத்துப் பறவையை எவ்வளவு பெரிதாக எடுக்க முடிகிறது என்பது. டி500-க்கு 1.5 மடங்கு கிராப் (சென்சார் சின்னது, அதனால் காட்சியின் நடுப்பகுதி மட்டும் விழும்), 20.9 மெகாபிக்சல். இசட்8 ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார், 45.7 மெகாபிக்சல். ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் பறவை சின்னதாகிவிடுமே என்றுதான் ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் 45.7-ஐ 1.5-ஆல் இரண்டு தடவை (அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று) வகுத்துப் பாருங்கள், 20 வரும். நடுவில் டி500 அளவுக்கு வெட்டினாலும் கிட்டத்தட்ட அதே விவரம் மிச்சமிருக்கிறது. அதாவது ரீச் குறையவில்லை, கூடவும் இல்லை. இதே கணக்கை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடிக்குப் போட்டால் 11-க்குப் பக்கத்தில்தான் நிற்கும், சிறு பறவைகளை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு விஷயத்திலும் இப்படித்தான்: ஃபுல் ஃப்ரேம் என்றாலே வெளிச்சம் குறைவான இடத்தில் வைக்கும் அதிக ஐஎஸ்ஓ-வில் சுத்தமாக வரும் என்கிறார்கள், அது பறவை ஃப்ரேமை நிறைத்து நிற்கும்போது சரி. தூரத்துப் பறவையை எடுத்து வெட்டும்போது சென்சாரின் நடுப்பகுதியில் விழுந்த வெளிச்சம் மட்டும்தானே கையில் இருக்கிறது, அங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. எனக்குக் கிடைத்த நிஜமான லாபம், வெட்டுவதற்கு முன் பறவையைச் சுற்றி இருக்கும் இடம். தலைக்கு மேல் திடீரென்று திரும்பும் தகைவிலானின் இறக்கை இப்போது ஃப்ரேமுக்கு வெளியே போவது குறைந்துவிட்டது.

அடுத்தது ஃபோகஸ், மாற்றத்தின் பெரும்பகுதி இங்கேதான். டி500-இன் 153 ஃபோகஸ் புள்ளிகள் அந்தக் காலத்தில் பெரிய விஷயம், இன்றும் மோசமில்லை. ஆனால் புள்ளியைப் பறவையின் கண்ணில் வைப்பது என் வேலை, பறவை தலையைத் திருப்பினால் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக்கைத் தேடி விரல் ஓடும். இசட்8-இல் கேமராவே பறவையைக் கண்டறிந்து கண்ணில் ஃபோகஸ் வைக்கும். அது வெளிவந்த 2023-இல் பறவைகள் ‘விலங்குகள்’ என்ற பொது வகையில்தான் இருந்தன. 2024 பிப்ரவரியில் வந்த 2.00 ஃபர்ம்வேரில் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) பறவைக்குத் தனி வகை கொடுத்தார்கள், பழைய ஃபர்ம்வேரில் யாராவது வைத்திருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். கண்ணை கேமரா பார்த்துக்கொள்வதால் நான் பின்னணியையும் வெளிச்சத்தையும் பார்க்கிறேன், எப்போது அழுத்துவது என்று மட்டும் யோசிக்கிறேன். ஆனால் எந்தக் கம்பெனியின் கண்டறிதலாக இருந்தாலும், முதலில் பறவை ஓரளவாவது ஃபோகஸில் இருந்தால்தான் அதை அடையாளம் காணும். புதருக்குள் குச்சிகளுக்குப் பின்னால் இருக்கும் பறவைக்கு அது போதாது. அதனால் ஏஎஃப்-ஆன் பொத்தானில் சின்னப் பகுதி ஃபோகஸ், எஃப்என்1 பொத்தானில் பறவை நகர நகரப் பின்தொடரும் 3டி டிராக்கிங் என்று வைத்திருக்கிறேன். முதல் பொத்தானால் பிடித்து, இரண்டாவதால் தொடர்வது. இந்தப் பழக்கம் கைக்கு வர மூன்று வாரம் ஆனது.

அப்புறம், அழுத்துவதற்கு முன்பே பதிவு செய்துவைக்கும் வசதி. ஷட்டரைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் கேமரா படங்களை எடுத்துத் தற்காலிகமாக வைத்துக்கொண்டே இருக்கும், முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்தைய ஒரு விநாடி வரை சேமித்துவிடும். மீன்கொத்தி கிளையை விட்டுப் பாய்வதைக் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கால் விநாடி போய்விடுகிறது, அதற்குள் அது ஃப்ரேமிலேயே இருக்காது. ஐந்து வருடத்தில் எனக்கு அப்படி ஒரு நல்ல படம்கூட இல்லை, இப்போது ஒரே காலையில் நான்கு கிடைத்தன. நொடிக்கு 30 படம், முழு 45 மெகாபிக்சலில். ஆனால் ஜேபெக் மட்டும்தான், பிறகு திருத்த அதிக இடம் தரும் ரா கோப்பு கிடையாது. வெள்ளைக் கொக்கு மாதிரி பறவை என்றால் எக்ஸ்போஷரை முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும், இறகு வெளுத்துப்போனால் பிறகு மீட்க முடியாது.

ஷட்டர் பற்றி ஒரு விஷயம், எந்த பாடி வாங்குபவருக்கும் இது பொருந்தும். இசட்8-இல் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டும்தான். ஸ்டாக்டு (அடுக்கு) சென்சார் என்பதால் படத்தை வேகமாகப் படித்துவிடுகிறது, அடிக்கும் இறக்கை வளைந்து தெரியும் தொல்லை நான் எடுத்ததில் வரவில்லை. சாதாரண சென்சாரில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் அந்த வளைவு வரும், ஆகவே விளம்பரத்தில் நொடிக்கு எத்தனை படம் என்று பார்ப்பவர்கள் அது எந்த ஷட்டரில், எந்த சென்சாரில் என்றும் பாருங்கள். சத்தமே இல்லாததால் பக்கத்தில் உட்கார்ந்த பறவை தலை தூக்கிப் பார்ப்பதில்லை. இதற்காகவே எனக்கு இந்த பாடி பிடித்துப்போனது.

பேட்டரி பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு சார்ஜுக்கு எத்தனை படம் என்று அளக்கும் சீபா (CIPA) தரக் கணக்கில் டி500-க்கு 1,240 படம், இசட்8-க்கு 340. பர்ஸ்டில், அதாவது தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும்போது அதைவிட எத்தனையோ மடங்கு வரும், ஆனால் கூட்டின் முன் இரண்டு மணி நேரம் வ்யூஃபைண்டரில் கண் வைத்துக் காத்திருந்தால் ஒரு படமும் எடுக்காமலே தீர்ந்துபோகும். மூன்று பேட்டரி இல்லாமல் நான் கிளம்புவதில்லை. மெமரி கார்டு விஷயத்தில் தவறு என்னுடையது. பழைய எக்ஸ்கியூடி கார்டு இதிலும் வேலை செய்கிறதே என்று அதையே போட்டுப் போனேன். ஆலாக்கள் தண்ணீரில் பாய்ந்துகொண்டிருந்தபோது கார்டில் எழுதும் வரை படங்களை வைத்திருக்கும் பஃபர் நிறைந்து கேமரா திணறியது, நல்ல பாய்ச்சல்கள் போய்விட்டன. அதைவிட வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகை கார்டையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

உங்களிடம் இருப்பது 300 மில்லிமீட்டரோடு முடியும் லென்ஸ் என்றால் பாடியைத் தொடாதீர்கள், முதலில் லென்ஸ். உட்கார்ந்த பறவைகளை மட்டும் எடுப்பவருக்கு டி500 இன்றும் போதும். பறவையின் மேல் இன்னும் அதிக பிக்சல் வேண்டும் என்பவர்கள் 32.5 மெகாபிக்சல் கேனான் ஆர்7-ஐப் பார்க்கலாம், தோளில் எடை குறைய வேண்டும் என்பவர்கள் 2 மடங்கு கிராப் உள்ள ஓஎம்-1 கேமராவை.

நான் முடிவெடுத்தது இப்படி: ஒரு வருடத்தில் தள்ளிவிட்ட படங்களைத் திரும்ப எடுத்து, எதனால் கெட்டது என்று குறித்தேன். தூரத்தால், வெளிச்சக் குறைவால் கெட்டவை அதிகமாக இருந்திருந்தால் பாடி மாற்றியிருக்க மாட்டேன். என்னுடையவற்றில் பாதிக்கு மேல் ஃபோகஸ் பின்னணிக்குப் போனவை, இல்லை, ஒரு கணம் தாமதமாக அழுத்தியவை.