மாதம் இரண்டு மூட்டை நெல்: படுவான்கரையில் ஸ்டார்லிங்கோடு பத்து மாதம்

கூரைக்கு மேலே சுளகு அளவில் ஒரு வெள்ளைப் பலகை. செய்மதி வழியாக இன்டர்நெட் தருகிற ஸ்டார்லிங்கின் டிஷ் அது. வைத்த புதிதில் தெருவால் போன எல்லாரும் "சோலர் போட்டுட்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெத்தா (பாட்டி) மட்டும் ஒரு படி மேலே போய், "இதால மாசம் எவ்வளவு மனே மிச்சம்?" என்றார். மிச்சமில்லை பெத்தா, மாதம் 15,000 ரூபா செலவு என்றேன். அவர் மனதுக்குள் அதை நெல்லாக்கிப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

நானும் நெல்லில்தான் கணக்குப் பார்க்கிறேன். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலைப்படி நாட்டு நெல் கிலோ 120 ரூபா. அப்படியென்றால் ஒரு மாத இன்டர்நெட்டுக்கு 125 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு மூட்டை. டிஷ்ஷும் ரவுட்டரும் வருகிற பெட்டிக்கு நான் கொடுத்தது 118,000 ரூபா. அது ஒரு தொன் நெல்லுக்குக் கொஞ்சம் குறைவு. நெல் இல்லாதவர்களுக்கு வேறு கணக்கு: தனியார் துறையில் சட்டப்படியான ஆகக் குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபா. அதில் சரிபாதி. மாதத் தனிநபர் வருமானத்தில் 2 வீதத்துக்கு மேல் இன்டர்நெட்டுக்குப் போகக் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் பிராட்பேண்ட் ஆணைக்குழு ஒரு இலக்கு வைத்திருந்தது. எங்கள் ஊரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சரி, பிறகு ஏன் வாங்கினேன்?

நான் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், போரதீவுப்பற்றில், வெல்லாவெளிக்கு மேற்கே, வட்டையும் (வயல்வெளியும்) காடும் சந்திக்கிற இடத்தில். ஃபைபர் வரவில்லை. டவர் இருக்கிறது, தூரத்தில். கொழும்பில் இரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுவது என் தொழில். மகள் உயர்தரம், பின்னேரம் முழுக்க சூம் வகுப்பு. ஒன்று படுத்தால் மற்றது கைகொடுக்கும் என்று வெவ்வேறு கம்பனிகளின் 4ஜி ரவுட்டர் இரண்டு வைத்திருந்தோம். இரண்டும் சேர்ந்தே படுத்தன. வாங்குகிற டேட்டாவில் பெரும் பங்கு நைட் டேட்டா. நடுச்சாமத்துக்குப் பிறகு பாவிக்க வேண்டும். பகல் டேட்டா இருபதாம் திகதியோடு முடிந்துவிடும், அப்புறம் ரீலோட். 2022 செப்டம்பரில் கட்டணங்கள் 20 வீதம் கூடின. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 15இலிருந்து 18 வீதமானது. அந்த ஏற்றங்களுக்கெல்லாம் பிறகும் எங்கள் விறாந்தையில் சிக்னல் அதே இரண்டு கோடுதான்.

மாதக் கடைசியில் பெரிய ஃபைல் அனுப்ப வேண்டி வந்தால் மண்டூர்த் துறையில் பாதை ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிகுடியில் ஒரு தெரிந்தவர் கடையில் உட்காருவேன். (வெளியூர்க்காரர்களுக்கு: பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவை.) ரவுட்டர் இரண்டு, ரீலோட், பெற்றோல், வீணாகிற அரை நாள் எல்லாம் கூட்டினால் மாதம் 9,000 ரூபாவைத் தொடும். ஆகவே எனக்கு மேலதிகச் செலவு 15,000 இல்லை, 6,000. இந்தக் கணக்கை மனைவியிடம் மூன்று தரம் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

ஸ்டார்லிங்குக்கு 2024 ஓகஸ்டில் அனுமதிப்பத்திரம் கிடைத்து, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. நான் செப்டம்பரில் எடுத்தேன். பொருத்துவதில் பெரிய வித்தை இல்லை. நிமிர்த்தி வைத்து, செயலி காட்டுகிற பக்கம் திருப்பி, வயரைச் செருகினால் கால் மணிநேரத்தில் இன்டர்நெட். விடியப்புறம் வேகம் 200 எம்பிபிஎஸ் தாண்டும், இரவு எட்டு மணிக்கு 80 அளவில் நிற்கும். சூமில் மகளின் குரல் வெட்டுப்படவில்லை. பழைய வகைச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. நாங்கள் பேசுவது அங்கே போய் இறங்கவே கிட்டத்தட்ட கால் செக்கன், பதில் வர இன்னொரு கால் செக்கன் ஆகும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் 500 கிலோமீற்றர் அளவில் ஓடுகின்றன. பேச்சில் அந்த இழுவை தெரியாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ஓடுகின்றன என்பதில்தான் எங்களுக்கு வினை வந்தது. ஒரே இடத்தில் நிற்கிற செய்மதி என்றால் வானத்தில் ஒரு ஓட்டை போதும். இதற்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். டிஷ் ஒன்றை விட்டு அடுத்த செய்மதியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வளவில் பதினொரு தென்னை. முதல் கிழமை காற்றில்லாத நேரமெல்லாம் அருமையாக வேலை செய்தது. கச்சான் காற்று எழும்பினால் ஒரு ஓலை அசைந்து குறுக்கே வரும், வீடியோ மூன்று செக்கன் உறையும், ஓலை விலகும், திரும்ப ஓடும். செயலியில் தடைப்படுகிற இடம் சிவப்பாகத் தெரியும். அந்தப் படத்தை மாமியிடம் காட்டி, இந்த ஒரு மரத்தை மட்டும் என்று இழுத்தேன். "நான் வெச்ச மரம். உங்கட பொட்டிய வேணுமெண்டா வேற எங்கயும் கொண்டு வையுங்க" என்றார். வைத்தேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருபதடி இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில். குழாய், கூலி, கொங்கிறீற் எல்லாம் 17,500 ரூபா. விளம்பரத்தில் இந்தச் செலவு இருக்காது.

விளம்பரத்தில் இல்லாத இன்னொன்று கரண்ட் பில். இந்த வகை டிஷ் 75 முதல் 100 வோட்ஸ் வரை இழுக்கும். 75 என்றே வைத்தாலும் நாள் முழுக்க எரிந்தால் மாதம் 54 அலகு. வீட்டுப் பில்லில் 60 அலகைத் தாண்டினால் கட்டண வகையே மாறுகிறது என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஐம்பதுக்குள் நின்ற வீடு நாங்கள். முதல் மாதப் பில்லைப் பார்த்து மீற்றர் பழுது என்று நினைத்தேன். இப்போது இரவு பன்னிரண்டிலிருந்து விடிய ஐந்து வரை டிஷ் தானாக உறங்கும்படி செயலியில் வைத்திருக்கிறேன். அதே செயலியில் பனி உருக்கும் வசதியும் உண்டு. சித்திரை வெயிலில் அதைப் பார்த்து ஒருவகை ஆறுதல் அடையலாம்.

மழைக்கு வருவோம். சாதாரண மழைக்கு ஒன்றுமில்லை. இடியோடு கறுத்துக்கொண்டு வருகிற ஐப்பசி மழை என்றால் ஐந்து பத்து நிமிடம் போகும். இந்த அலைவரிசையை அடர்ந்த மழை தின்றுவிடும். எந்தக் கம்பனியின் டிஷ் ஆனாலும் அப்படித்தான். மின்னல் நேரம் நானே பிளக்கைக் கழற்றிவிடுவேன். ஒரு தரம் குரங்கு வயரைப் பிடித்து ஊஞ்சல் ஆடியது. அதிலிருந்து வயர் பிளாஸ்டிக் குழாய்க்குள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அந்தக் கிழமையைப் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. காற்றுக்கு முன்பே நான் குழாயில் ஏறி டிஷ்ஷைக் கழற்றி அறைக்குள் வைத்துவிட்டேன். கரண்ட் போனது. ஒரு நாள் கழித்து டவரும் போனது, அங்கே பட்டறி இறங்கியிருக்கும். வட்டையெல்லாம் வெள்ளம். காற்று அடங்கியதும் டிஷ்ஷைத் திரும்ப ஏற்றினோம். மச்சானின் உழவு மெசினிலிருந்து பட்டறியைக் கழற்றி, ஒரு சின்ன இன்வேட்டரில் கொடுத்துப் பார்த்தால் பச்சை விளக்கு வந்துவிட்டது. ஒரு சார்ஜில் ஆறேழு மணிநேரம். இறங்கினால் பட்டறியை மெசினில் பூட்டி எஞ்சினை ஓடவிடுவது, திரும்பக் கொண்டுவருவது.

மூன்று நாள் எங்கள் விறாந்தை சந்தை மாதிரி இருந்தது. கட்டாரில் மகன் இருக்கிறவர்கள், திருகோணமலையில் மகளைக் கட்டிக் கொடுத்தவர்கள், கண்டிப் பக்கம் வேலைக்குப் போனவர்களின் பெண்சாதிமார். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று மகள் கொப்பியில் பெயர் எழுதினாள். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? பெத்தா வந்தது இரண்டாம் நாள் இரவு, தலையில் உரப் பையைப் போட்டுக்கொண்டு. பேரன் டோஹாவிலிருந்து எடுத்தான். போனைக் காதில் வைப்பதா முகத்துக்கு நேரே பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்தார். "தண்ணி வாசல்மட்டும்தான் மனே, உள்ளுக்கு வரல்ல" என்று அதையே நாலு தரம் சொன்னார். மறுபக்கம் பையன் அழுகிறது எங்களுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நாலு வீட்டுக்காரர் பங்குக்கு வந்தார்கள். மாதம் ஆளுக்கு 3,000 ரூபா போட்டால் என் சுமையும் குறையும், அவர்களுக்கும் கிடைக்கும். நியாயமான யோசனை. ஆனால் வீட்டுப் பாவனைத் திட்டம் ஒரு வீட்டுக்கானது; விலைக்குப் பகிர நிபந்தனையில் இடமில்லை. எங்களைப் போன்ற ஊர்களில் இந்த விலையைத் தாங்க ஒரே வழி சேர்ந்து கட்டுவதுதான், அதுதான் தடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு வாசிகசாலைக்கோ மாதர் சங்கத்துக்கோ என்று ஊர் விலையில் ஒரு திட்டம் இருந்தால் இந்தப் பக்கத்தில் எத்தனையோ இடத்தில் எடுப்பார்கள். நான் காசு வாங்கவில்லை. பிள்ளைகள் பின்னேரத்தில் விறாந்தையில் வந்திருந்து படிக்கிறார்கள். அதற்கு ஈடாக எருமைத் தயிர் சட்டி சட்டியாக வருகிறது, சில கிழமை வாவி மீனும். கணக்கில் எழுத முடியாத வரவு.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: களுவாஞ்சிகுடி, கல்முனை மாதிரி ஃபைபர் ஓடுகிற இடத்தில் இருந்தால் இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க வேண்டாம். இன்டர்நெட்டால் மாதம் நாற்பது ஐம்பதாயிரமாவது உழைக்கிறவர், ஃபைபர் வராத ஊரில் இருக்கிறவர் என்றால் யோசிக்கலாம். படம் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம். 12,000 ரூபாவுக்கு ஒரு லைட் திட்டமும் உண்டு. நெரிசல் நேரத்தில் அது பின்னுக்குப் போகும், ஒரு ஆள் மட்டும் பாவிக்கிற வீட்டுக்கு அதுவே காணும். வெளியிலிருந்து நேரே பார்க்கிற பழைய சிசிடிவி பெட்டி வைத்திருந்தால் அது வேலை செய்யாது; வெளியிலிருந்து அதைத் தேடி வர இந்தத் திட்டங்களில் தனி ஐபி முகவரி (இன்டர்நெட்டில் வீட்டு இலக்கம் மாதிரி) கிடைக்காது. என்னைக் கேட்டால், ஃபைபர் வயர் எங்கள் படலைக்கு வருகிற அன்றைக்கே இதைக் கழற்றி விற்றுவிடுவேன். அந்த வயர் இன்னும் வாவிக்கு அந்தப் பக்கம்.

போன கிழமை செயலியில் திரும்பவும் ஒரு சிவப்புத் துண்டு. ஏறிப் பார்த்தேன். மாமியின் தென்னை புதுக் குருத்து விட்டிருக்கிறது. குழாயை இன்னும் மூன்றடி கூட்ட வேண்டும்.