பழைய நிக்கான் டி500 கேமரா பாடி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: ரூ.68,500 போனது

பறவைப் படம் எடுக்கப் பெரிய டெலி லென்ஸ் வைத்திருக்கிறீர்களா, அதற்கு வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றைப் பழையதில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா, பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ரூ.68,500 கொடுத்துக் கோளாறான பாடியை வாங்கியிருக்கிறேன். திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடைசி மின்னஞ்சல் நேற்று இரவு வந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

விற்றது முகம் தெரியாத ஆள் இல்லை. பழைய கேமராக்களை வாங்கி, தாங்களே சோதித்து, கிரேடு போட்டு, ஆறு மாத வாரண்டியோடு விற்பதாகச் சொல்லும் ஒரு ஆன்லைன் தளம். புகார் போயிருப்பதால் இப்போதைக்குப் பெயரைப் போடவில்லை.

என்னிடம் இருப்பது நிக்கான் 200-500 எஃப்/5.6 லென்ஸ். அதை நிக்கான் டி7200 பாடியில் மாட்டி வருடக்கணக்கில் எடுத்தேன். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது போதும். பறந்து வரும் பறவைக்குப் போதாது. கேமரா ஃபோகஸ் பிடிக்கும் 51 புள்ளிகளும் நடுவில் குவிந்திருக்கும், பறவை கொஞ்சம் ஓரத்துக்குப் போனால் கைவிட்டுவிடும். உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை மிரர்லெஸ்ஸுக்குப் போகலாம் என்றால் இசட்8, இசட்9 எல்லாம் என் வசதிக்கு எட்டாது. அப்புறம் மிஞ்சியது டி500. 2016-ல் வந்த பாடி, இப்போது தயாரிப்பில் இல்லை. ஆனாலும் அதே ஆண்டு வந்த, விலை கூடிய டி5-ல் இருக்கும் ஃபோகஸ் மாட்யூல்தான் இதிலும். 153 புள்ளிகள், ஃபிரேமின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். வினாடிக்கு 10 படம். லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் 1.4 டெலிகன்வெர்ட்டர் மாட்டி, ஒளி குறைந்து எஃப்/8 ஆனாலும் நடுவில் 15 புள்ளிகள் வேலை செய்யும். இந்த விலையில் பறவைக்காரனுக்கு இதைவிட நல்ல டிஎஸ்எல்ஆர் கிடையாது என்று இன்றும் சொல்வேன். கேமரா மேல் எனக்குக் குறையே இல்லை. விற்றவர்கள் மேல்தான்.

எப்படி நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இதையேதான் செய்வார்கள். தளத்தில் "10-க்கு 9" என்று போட்டிருந்தார்கள். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, 31 ஆயிரம். டி500 ஷட்டர் இரண்டு லட்சம் வரை சோதிக்கப்பட்டது, அந்தக் கணக்கில் இது கிட்டத்தட்டப் புதிது. போன் செய்தேன். எடுத்த தம்பி அவ்வளவு பொறுமையாகப் பேசினான். "என்ன லென்ஸ்ணா போடப் போறீங்க?" என்று அவனே கேட்டான். 200-500 என்றதும், "அப்போ டி7500 வேண்டாம்ணா, சென்சார் ரெண்டுலயும் ஒண்ணேதான், ஆனா அதுல ஃபோகஸ் பழைய 51 புள்ளிதான். டி500-தான் சரி" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இரண்டாயிரம் ரூபாய் குறைவான பாடியைத் தள்ளிவிடாமல் சரியானதைச் சொல்கிறானே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. "நானும் பள்ளிக்கரணை சதுப்புக்குப் பறவை எடுக்கப் போறவன்தான்ணா, எனக்கு வாங்குற மாதிரி ஒவ்வொரு புள்ளியா செக் பண்ணி அனுப்புறேன்" என்றான். அந்த வார்த்தைக்குத்தான் பணம் கொடுத்தேன். ஒவ்வொரு புள்ளியாக!

வாட்ஸ்அப்பில் மீன்கொத்திப் படம் ஒன்று வந்தது, "இந்த பாடியில் எடுத்தது" என்று. அலகில் ஒட்டியிருந்த நீர்த்துளி வரை தெரிந்தது. கார்டில் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல், யுபிஐ என்றால் இல்லை என்றார்கள். யுபிஐ-யில் அனுப்பினேன், ரூ.68,500.

பாடி நன்றாகத்தான் பேக் செய்து வந்தது. ஷட்டர் கவுண்டைப் படக் கோப்பில் பார்த்தேன், சொன்னபடியே இருந்தது. வீட்டில் சின்ன 18-140 லென்ஸ் போட்டு எடுத்ததெல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த வார ஞாயிறு காலை பள்ளிக்கரணை. நடுப் புள்ளியில் கூழைக்கடா, நாமக்கோழி எல்லாம் அருமை. நாரைகள் பறக்க ஆரம்பித்ததும்தான் தெரிந்தது. பறவை ஃபிரேமின் இடது பக்கம் இருக்கும் படம் ஒவ்வொன்றிலும் பறவை மங்கல், அதற்குப் பின்னால் நிற்கும் சம்பு மட்டும் இழை இழையாகத் தெளிவு. வலது பக்கம் இருந்தால் சரியாக இருக்கிறது. கை ஆட்டம் என்றால் சம்பும் கலங்கியிருக்க வேண்டும் அல்லவா?

வீட்டுக்கு வந்து மாடிச் சுவரில் செய்தித்தாளை வரிசையாக ஒட்டினேன். டிரைபாடில் வைத்து, 500 மில்லிமீட்டரில், இடது கோடிப் புள்ளியில் வியூஃபைண்டர் வழியாக ஒரு படம். அதே இடத்தில் லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து, ஒரு படம். லைவ் வியூ படத்தில் வரி விளம்பரத்தின் பொடி எழுத்தைப் படிக்க முடிகிறது. வியூஃபைண்டர் படத்தில் தலைப்புச் செய்தியே இரட்டையாகத் தெரிகிறது. லைவ் வியூ படம் பதியும் சென்சாரையே பார்த்து ஃபோகஸ் செய்கிறது. அது சரியாக வருகிறது என்றால் லென்ஸில் குறையில்லை, பாடிக்குள் இருக்கும் ஃபோகஸ் அமைப்பில்தான் குறை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்று மாலையே படங்களோடு எழுதிவிட்டேன். ஏழு நாள் ரிட்டர்ன் உண்டு, அதில் பாதிகூட முடியவில்லை. அங்கிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு.

முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பித்தேன். பிறகு லென்ஸ் காண்டாக்ட்டைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். பிறகு ஃபைன்-டியூன் செய்யுங்கள் என்றார்கள். ஃபைன்-டியூன் என்பது ஃபோகஸை முன்னேயோ பின்னேயோ தள்ள லென்ஸ் ஒன்றுக்கு ஒரே ஒரு எண், மைனஸ் 20-லிருந்து பிளஸ் 20 வரை. இடது பக்கத்தைச் சரிசெய்தால் நடுவும் வலதும் கெட்டுப்போகும். இதை விளக்கி எழுதினால், "எங்கள் டெக்னிகல் டீம் பார்த்துவிட்டுத் தொடர்புகொள்ளும்" என்று ஒரு வரி. அந்தத் தம்பிக்கு போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ், அப்புறம் அதுவும் இல்லை. எட்டாம் நாள் வந்தது பதில்: ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதாம். நான் முன்பே எழுதினேனே என்றால், அது "டெக்னிகல் சந்தேகம்" என்ற தலைப்பில் பதிவாகியிருக்கிறதாம், ரிட்டர்ன் கோரிக்கையாகப் பதிவாகவில்லையாம்! அவர்கள் சொன்ன சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்த நாட்களைத்தான் கழித்துவிட்டார்கள். சரி, வாரண்டி இருக்கிறதே என்றேன். சென்சார், ஷட்டர், மெயின் போர்டு மட்டும்தான் வாரண்டியில் வருமாம். ஃபோகஸ் கேலிபரேஷன் வராதாம். வேகமான ஃபோகஸுக்காகவே ஒருவர் ரூ.68,500 கொடுத்து வாங்கும் பாடியில் ஃபோகஸுக்கு மட்டும் வாரண்டி கிடையாது.

எனக்குத் தெரிந்த கேமரா ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பார்த்தது அடிப்பக்க ஸ்க்ரூக்களை. இரண்டின் தலை மழுங்கி, கறுப்புப் பூச்சு போய் வெள்ளையாக மின்னியது. "இது ஏற்கெனவே திறந்த பாடி சார்" என்றார். பாடிக்குள் இருக்கும் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு துணைக் கண்ணாடி இருக்கிறது. பெரிய கண்ணாடியை ஊடுருவி வரும் ஒளியைக் கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குத் திருப்பிவிடுவது அதுதான். அது மயிரிழை சாய்ந்தாலும் ஒரு பக்கத்துப் புள்ளிகள் பொய் சொல்லும். லென்ஸோடு கீழே விழுந்த பாடியாக இருக்கும் என்பது அவர் கணிப்பு. 18 மில்லிமீட்டரில் இது கண்ணில் படாது, எஃப்/8-ல் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாகத்தான் விழும். 500-ல் எஃப்/5.6 வைத்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் பறவைக்குத் தெளிவின் ஆழம் ஒரு முழம்கூடத் தேறாது. அதனால்தான் ஷட்டர் கவுண்டை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். அது எத்தனை படம் எடுத்தது என்று சொல்லும், விழுந்ததா என்று சொல்லாது.

இதை எழுத்தில் வாங்கி அனுப்பினேன். "அங்கீகரிக்கப்படாத நபர் திறந்ததால் இருந்த வாரண்டியும் ரத்து" என்று பதில். அவர் திறக்கவே இல்லை, வெளியிலிருந்துதான் பார்த்தார். வயிறு எரிகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன். 2020 மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்களின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ரூ.68,500-ஐ விடப் போவதில்லை.

பழைய பாடியை எப்படிச் சோதிப்பது என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெரிய லென்ஸை மாட்டி, நடு, இடது, வலது மூன்றிலும் வியூஃபைண்டரில் ஒன்று லைவ் வியூவில் ஒன்று எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அடிப்பக்க ஸ்க்ரூவைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் மாதிரிப் படத்தை நம்பாதீர்கள், எந்த கேமராவில் எடுத்தது என்ற விவரம் அதில் அழிந்திருக்கும், அசல் கோப்பைக் கேளுங்கள். குறை தெரிந்த அன்றே "ரிட்டர்ன்" என்ற வார்த்தையைப் போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், அவர்கள் சொல்லும் சோதனையெல்லாம் அதற்கப்புறம். இரண்டு சதவீதம் போனாலும் போகட்டும், கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.