சென்னையில பீச் பக்கம் வீடு பாக்கறவங்களுக்கு

புள்ளைக்கு சென்னையில ஃப்ளாட் வாங்கோணும்னு கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துல ஒரு ப்ராப்பர்ட்டி கன்சல்டன்ட்கிட்ட போனோமுங்க, அருமையான சர்வீஸ். போட் கிளப், பெசன்ட் நகர், நீலாங்கரைன்னு எல்லாம் கூட்டிட்டுப் போயி காட்டுனாங்க, கடல் வியூவ மட்டும் சொல்லி தலைல கட்டாம 2015 வெள்ளத்துல எந்தத் தெருவுல தண்ணி நின்னுச்சு, கடலோரத்துல இருந்து 500 மீட்டருக்குள்ள சிஆர்இசட் ரூல் (கடலோரத்துல கட்டடம் கட்டறதுக்கான கட்டுப்பாடு) வருதான்னு அவங்களே எடுத்துச் சொன்னாங்க, இதாங்க ரொம்ப முக்கியம். உப்புக்காத்துல ஏசி அவுட்டோர் யூனிட்டு, கிரில்லு எல்லாம் சீக்கிரம் துருப்புடிக்கும். சிறுவாணித் தண்ணி குடிச்சுப் பழகுன நமக்கு ஈசிஆர் பக்கம் போர் தண்ணி செட்டே ஆகாது, மெட்ரோ வாட்டர் லைன் இருக்கான்னு முதல்ல கேளுங்க. வில்லங்கம், பட்டா, யுடிஎஸ் (மனை நெலத்துல ஃப்ளாட்டுக்கு வர்ற பங்கு) எல்லாம் நம்ம வக்கீலே பாக்கட்டும்னுட்டாங்க. பெசன்ட் நகரே முடிவு பண்ணிட்டோம். கமிஷன் கொஞ்சம் ஜாஸ்திதான், பேசுனா குறைப்பாங்க.