கொடுத்துப் பிடிப்பதா, நடந்து காட்டுவதா? ஆர்.பி.ஜி. கேம்களில் துணைகளின் விசுவாசம்

தருமபுரிக்காரர்களுக்கு நெல்லிக்கனிக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தகடூரை ஆண்ட அதியமான் கிடைத்தற்கரிய கனியை ஒளவையாருக்குக் கொடுத்தான். அதன் அருமையை முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த ஒளவையார்தான் அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். ஃபேன்டசி ஆர்.பி.ஜி. கேம்களில், அதாவது ஒரு பாத்திரமாக மாறித் துணைகளோடு கதைக்குள் நடக்கும் கேம்களில், இது தலைகீழ். பரிசைக் கையில் வைத்ததுமே எத்தனை புள்ளி ஏறியது என்று திரையில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் புள்ளியை நம்பி நாற்பது மணி நேரம் ஆடியவரை விட்டு, கடைசியில் நெருங்கிய துணை கிளம்பிப் போகிறது. இந்தப் பக்கம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகம் இதுதான்: "மீட்டர் ஃபுல்லா இருந்துச்சே, அப்புறம் ஏன் போனான்?"

ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் கேமுக்குக் கேம் கட்டும் கயிறு வேறு. சில கேம்கள் ஊர்ப்பேரை வைத்துத் துணைகளைக் கட்டுகின்றன, சில தனித்தனி நெருக்கத்தை வைத்து, சில அலைன்மென்ட்டை, அதாவது பாத்திரம் நல்லதா தீயதா, சட்டத்தை மதிப்பதா மீறுவதா என்ற குணவகையை வைத்து. ஒன்றில் கற்ற தந்திரம் இன்னொன்றில் செல்லாது. (கதையின் சில திருப்பங்கள் கீழே வருகின்றன. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் கேமை முடித்துவிட்டு வாருங்கள்.)

ஊர்ப்பேர்: பழைய பால்டர்ஸ் கேட்

1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டிலும் 2000-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் தனித்தனி மீட்டர் இல்லை. மொத்தக் குழுவுக்கும் சேர்த்து 1 முதல் 20 வரை ஒரே ரெப்யூட்டேஷன், அதாவது ஊர்ப்பேர். நல்ல காரியம் செய்தாலும் கோயிலில் போதிய காணிக்கை போட்டாலும் ஏறும். அப்பாவியைக் கொன்றால் சரசரவென்று இறங்கும். ஏறினால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். மிகவும் இறங்கினால் காவல் படையே தேடி வந்து அடிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், நல்ல பேர் எல்லாருக்கும் பிடிப்பதில்லை. எட்வின், கோர்கன், விகோனியா போன்ற தீய அலைன்மென்ட் துணைகள் பேர் ஏற ஏற முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பை வெறும் வசனம் என்று தள்ளிவிடாதீர்கள், அதுதான் எச்சரிக்கை மணி. 18-க்கு மேல் போகவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். திரும்ப அழைக்கவும் முடியாது. கலவையான குழுவை வைத்து ஆடுபவர்கள் பேரை 10-க்கும் 17-க்கும் நடுவே நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த எல்லையை நெருங்கும்போது கோயில் காணிக்கையை நிறுத்துங்கள்.

பேரைச் சரியாக வைத்தாலும் ஆளுக்கு ஆள் பகை இருக்கிறது. முதல் பாகத்தில் காலிட், ஜஹீரா தம்பதியையும் சார், மொன்டரான் ஜோடியையும் ஒரே குழுவில் நீண்ட நாள் வைத்தால் வாய்ச்சண்டை வாள்சண்டையாகும். இரண்டாம் பாகத்தில் கெல்டோர்னும் விகோனியாவும் அப்படித்தான். முதல் பாகத்தில் காலிட்டைக் கழற்றிவிட்டால் ஜஹீராவும் கூடவே கிளம்புவாள். ஆறு பேர் குழுவில் ஒரே நொடியில் இரண்டு இடம் காலி.

மீட்டர் பார்க்கும் வேலையில்லை என்பதால் இது எளிது. ஆனால் நீங்கள் எட்வினிடம் எப்படிப் பழகினீர்கள் என்பதற்கு இங்கே மதிப்பே இல்லை. ஊர் உங்களைப் பற்றி என்ன பேசுகிறது என்பதை மட்டும் அவன் பார்க்கிறான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அடுத்த தலைமுறை தனி மீட்டருக்குப் போனது.

தனி நெருக்கம்: டிராகன் ஏஜ் வழி

2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் ஒவ்வொரு துணைக்கும் -100 முதல் +100 வரை அப்ரூவல், அதாவது உங்கள் மேல் உள்ள அபிமானப் புள்ளி. ஏற்ற வழி இரண்டு: அவர்கள் பார்க்க நீங்கள் எடுக்கும் முடிவுகள், பிறகு பரிசுகள். பரிசில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரே ஆளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பரிசுக்கும் அடுத்த பரிசின் பலன் ஒரு புள்ளி குறையும், கடைசியில் 1-இல் வந்து நிற்கும். எனவே கையில் அகப்பட்டதையெல்லாம் முதல் நாளே ஒருவனிடம் கொட்டினால், அவனுக்கு உண்மையிலேயே பிடித்த பொருள் கிடைக்கும்போது அதற்கு வலு இருக்காது.

மோரிகனுக்கு நகை, ஸ்டென்னுக்கு ஓவியம், ஆக்ரனுக்குச் சாராயம், வின்னுக்குப் புத்தகம், செவ்ரானுக்குத் தங்கம் வெள்ளிக் கட்டிகள், லெலியானாவுக்குச் சமயச் சின்னங்கள். நாய்க்கு எதுவும் வேண்டாம், அது என்றுமே நூற்றுக்கு நூறு. பொதுப் பரிசுகளைவிட ஆளுக்கென்று வைத்த பரிசுகள் தனி ரகம், கூடவே தனி உரையாடலைத் திறப்பவை. ரெட்கிளிஃப் கோட்டையில் ஏர்ல் எமனின் படிப்பறை மேசைக்குள் ஆலிஸ்டரின் அம்மா தாயத்து கிடக்கும். கோட்டையைக் கடந்து போகும் அவசரத்தில் அந்த மேசையைத் திறக்காமல் விடுபவர்கள் அதிகம். ஸ்டென்னின் வாளுக்குக் கொஞ்சம் அலைய வேண்டும்: காலன்ஹாட் ஏரிப் பக்கம் குப்பை பொறுக்கும் ஆளிடம் கேட்டு, ஃப்ராஸ்ட்பேக் மலையில் ஃபேரினைப் பிடித்து, ரெட்கிளிஃப் கிராமத்தில் ட்வினிடம் போய் முடியும். ட்வினை ரெட்கிளிஃப் சண்டைக்கு இழுத்துச் சாகவிட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் முறிவு வரும் இடங்கள் உண்டு. புனிதச் சாம்பலைக் கெடுத்தால் கூட நிற்கும் வின் அங்கேயே எதிர்த்து நிற்பார். லெலியானாவும் அப்படியே. ஆனால் லெலியானாவின் சொந்தப் பணியான மார்ஜொலைன் குவெஸ்ட் முடிந்தபின் பேசும் பேச்சில் அவள் மனத்தைக் கடினப்படுத்தியிருந்தால் அவள் நிற்பாள். எதிரியான தளபதி லோகெயினை உயிரோடு விட்டுப் படையில் சேர்த்தால் ஆலிஸ்டர் போய்விடுவான். அப்ரூவல் 100 இருந்தாலும் சரி, அம்மா தாயத்தை நீங்களே தேடிக் கொடுத்திருந்தாலும் சரி. தன் குரு டங்கன் செத்ததற்குக் காரணமானவனுக்குப் பக்கத்தில் அவனால் நிற்க முடியாது. இது அநியாயம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. இந்தக் கேம் செய்த மிக நேர்மையான காரியம் இதுதான். விலைக்கு வாங்க முடியாத ஒன்று அவனிடம் இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

2011-இல் வந்த இரண்டாம் பாகத்தைக் கதைக்காகவும் திரும்பத் திரும்ப வரும் ஒரே குகைக்காகவும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். துணை விஷயத்தில் மட்டும் இன்றுவரை அதைத் தாண்டிய கேம் இல்லை. அங்கே மீட்டரின் ஒரு முனை நட்பு, மறுமுனை வெறுப்பு அல்ல, போட்டி. நீங்கள் மந்திரவாதிகள் பக்கம் நின்றால் அவர்களை வெறுக்கும் துணையான ஃபென்ரிஸ் உங்களோடு மோதுவான், மீட்டர் போட்டிப் பக்கம் நகரும், ஆனால் அதற்காக உடனே விட்டுப் போகமாட்டான். முழுப் போட்டிக்கும் முழு நட்புக்கும் தனித்தனித் திறன் கிடைக்கும். கருத்து ஒத்துப்போவது வேறு, கூட நிற்பது வேறு என்று பிரித்தது இந்த ஒரு கேம்தான்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஒருநாள் ஆமோதித்து மறுநாள் மறுத்தால் மீட்டர் நடுவிலேயே தள்ளாடும், அதுதான் ஆபத்து. துணைகளில் ஒருத்தியான இசபெல்லா இரண்டாம் ஆக்டின் (கதையின் இரண்டாம் பகுதியின்) முடிவில் திருடிய பொருளோடு ஓடிப்போவாள். நட்போ போட்டியோ ஏதாவது ஒரு பக்கம் பாதியையாவது தாண்டியிருந்தால் திரும்பி வருவாள், நடுவில் நின்றால் வரமாட்டாள். ஆகவே ஆளுக்கு ஒரு திசையை முதல் ஆக்டிலேயே முடிவு செய்து, அதே தடத்தில் போங்கள். எல்லாரையும் சமாதானப்படுத்தும் விடைகளையே தேர்ந்தெடுப்பவர்களுக்குத்தான் இங்கே அதிக நட்டம்.

2014-இல் வந்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனில் எண்ணையே மறைத்துவிட்டார்கள். பேச்சின் தொனியில் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே அயர்ன் புல் என்ற துணையின் சொந்தப் படையான சார்ஜர்ஸைப் பலிகொடுத்துவிட்டால், டிரெஸ்பாசர் என்ற கூடுதல் கதையில் (டிஎல்சி) அவன் எதிரணிக்குப் போவான். எத்தனை நெருக்கம் இருந்தாலும்.

பால்டர்ஸ் கேட் 3

2023-இல் வந்த மூன்றாம் பாகம் அலைன்மென்ட்டையே தூக்கிவிட்டு, தனி அப்ரூவலுக்கு வந்துவிட்டது. முக்கியமான விதி: குழுவில் இருந்து, பக்கத்தில் நிற்பவர்தான் பெரும்பாலும் பார்ப்பார், கேம்ப்பில் இருப்பவருக்குத் தெரியாது. எனவே முரட்டு முடிவு எடுக்கப் போகும்போது அது பிடிக்காதவரைக் கேம்ப்பில் விட்டுவிடலாம். அஸ்டாரியனை அழைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் உதவி செய்து திரிந்தால் அவன் முகம் சுளிப்பான். கேல், வில், கார்லாக் மூவரும் அதே உதவிக்கு மகிழ்வார்கள்.

முதல் ஆக்டில் கேல் மூன்று மந்திரப் பொருள்கள் கேட்பான். மறுத்துக்கொண்டே இருந்தால் போய்விடுவான். நல்ல கவசத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்த வேண்டாம். உங்கள் கையில் பயன்படாமல் கிடக்கும் பழைய மந்திர மோதிரமோ கத்தியோ போதும், அவனுக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

மீட்டரால் தடுக்க முடியாதது தோப்பு விஷயம். எதிரித் தலைவி மின்தாராவோடு சேர்ந்து, டீஃப்லிங் இன அகதிகள் ஒதுங்கியிருக்கும் தோப்பை அழித்தால் வில்லும் கார்லாக்கும் நிரந்தரமாகப் போவார்கள். தோப்பைக் காப்பாற்றி, மின்தாராவையும் துணையாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. 2023 நவம்பர் கடைசியில் வந்த பேட்ச் 5 என்ற அப்டேட்டுக்குப் பிறகு, பேசிவ் (தானாக வேலை செய்யும் திறன்) பட்டியலில் உயிர் போகாத தாக்குதலை ஆன் செய்து அவளை அடித்து மயக்கத்தில் போடலாம். கடைசி அடி கைச்சண்டை ஆயுதத்தாலோ வெறுங்கையாலோ விழ வேண்டும். அம்பிலோ மந்திரத்திலோ விழுந்தால் செத்துவிடுவாள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: ஆன் செய்தது ஒரு துணைக்கு, அடித்தது இன்னொரு துணை. நால்வருக்கும் தனித்தனியே ஆன் செய்து பாருங்கள், முடிந்ததும் ஆஃப் செய்ய மறக்காதீர்கள்.

அலைன்மென்ட் சக்கரம்: பாத்ஃபைண்டர்

2021-இல் வந்த பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸில் அலைன்மென்ட் ஒரு சக்கரம், ஒன்பது பகுதி. ஒவ்வொரு பதிலும் புள்ளியை ஒரு பக்கம் தள்ளும். பாலடின் (புனித வீரன்) சட்டமும் நன்மையும் சேர்ந்த மூலையை விட்டு நகர்ந்தால் திறனை இழப்பான். பாவ நிவர்த்திச் சுருள் வாங்கிப் படித்தால் புள்ளி பழைய இடத்துக்கு வரும். நாயகன் தேர்ந்தெடுக்கும் சிறப்புச் சக்தி வழிகளான மிதிக் பாதைகளும் இதையே பார்க்கின்றன: ஏஞ்சலுக்கு நன்மை வேண்டும், ஏயானுக்குச் சட்டம் வேண்டும். பாதையை மனத்தில் வைத்துவிட்டுப் பதிலைத் தேர்ந்தெடுங்கள், சிரிப்பு வருகிறதே என்று கலகப் பதில்களை அள்ளாதீர்கள்.

பழைய பால்டர்ஸ் கேட்டோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம் தெரியும். இங்கே பாலடின் சீலாவும், சட்டமும் தீமையுமான ஹெல்நைட் ரெகிலும் ஒரே குழுவில் நடப்பார்கள். எதிரி ஒன்று என்பதால் பகை பேச்சோடு நிற்கிறது. பாத்திர விவர ஷீட்டில் எழுதியிருக்கும் அலைன்மென்ட்டை அப்படியே நம்பவும் கூடாது. ஒரு துணையின் ஷீட் பொய் சொல்கிறது, யார் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

எதை எடுப்பது?

பழைய பால்டர்ஸ் கேட் இரண்டு பாகங்களின் என்ஹான்ஸ்டு எடிஷனும் (புதுப்பித்த பதிப்பு) ஆண்ட்ராய்டு போனில் ஓடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வரும் சுமார் 50 கிலோமீட்டர் பஸ் பயணத்தில் ஒரு குவெஸ்டை நகர்த்தலாம். டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸும் அதன் இரண்டாம் பாகமும் பழைய லேப்டாப்பிலேயே ஓடும், துணைகளுக்காக மட்டும் ஆடுவதென்றால் இரண்டாம் பாகத்தைச் சொல்வோம். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் வேண்டும். ஃபைபர் வராத அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கக் கிராமங்களில் மொபைல் டேட்டாவில் அதை இறக்க முயலாதீர்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியபின், ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரிடம் கேம் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிரைவில் வாங்கிவந்து, ஸ்டீமின் 'காமன்' ஃபோல்டருக்குள் அதே பெயரில் போட்டு, பிறகு இன்ஸ்டால் அழுத்துங்கள். இருப்பதைச் சரிபார்த்துக் குறைவதை மட்டும் இறக்கும்.

எந்தக் கேமானாலும் குவிக் சேவை மட்டும் நம்ப வேண்டாம். முறிவு வரும் இடத்துக்கு முன்னால், "தோப்புக்கு முன்", "லோகெயினுக்கு முன்" என்று பெயரிட்டுத் தனி சேவ் போடுங்கள். பால்டர்ஸ் கேட் 3-இன் ஹானர் மோடில் ஒரே சேவ்தான், இந்த வழி அங்கே இல்லை. அங்கே மின்தாராவை நோக்கி வாள் ஓங்கும் முன் நால்வரின் பேசிவையும் இன்னொரு முறை திறந்து பாருங்கள்.